ஸேக் 111தான், ஆனாலும் ஏன் ஆரன் டொனால்ட்?

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில், பந்தை எறிகிறவரை எறியுமுன் வீழ்த்தும் ‘ஸேக்’ கணக்கில் முதலிடம் 200 எடுத்த புரூஸ் ஸ்மித்துக்கு. ராம்ஸ் அணியின் ஆரன் டொனால்ட் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் இருந்தது 111. அப்படியிருக்க, அவரை எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த டிஃபென்சிவ் லைன்மேன்களில் (தற்காக்கும் அணியின் முன்வரிசையில் நிற்பவர்கள்) ஒருவராக ஏன் வைக்கிறார்கள்? அந்த இடத்தில் ஆடுகிறவரின் தொழில் வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகும்?

முதலில், டொனால்ட் நின்ற இடத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

பந்தை வைத்திருக்கும் அணியில் நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், அதற்கு வெளியே டேக்கிள் என ஐந்து பேர் சுவர் போல் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக். அவர் எறிவதற்கு முன் அவரைப் பிடித்து வீழ்த்துவதுதான் ஸேக். பெரிய ஸேக் எண்ணிக்கை எடுப்பவர்கள் பெரும்பாலும் வரிசையின் ஓரத்தில், டேக்கிளுக்கு வெளியே நின்று கிளம்புகிறவர்கள். அவர்களுக்கு எதிரே ஒரே ஒருவர், பக்கத்தில் திறந்த வெளி. டொனால்ட் நின்றது உள்ளே. அவருடைய வழக்கமான இடத்துக்கு ‘த்ரீ டெக்னிக்’ என்று பெயர். கார்டின் வெளித்தோளுக்கு நேராக நின்று, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே உள்ள சந்தில் பிளந்து நுழைவது அந்த வேலை. சென்டருக்கும் கார்டுக்கும் இடையில் இருப்பது ‘ஏ’ சந்து, கார்டுக்கும் டேக்கிளுக்கும் இடையில் இருப்பது ‘பி’ சந்து. த்ரீ டெக்னிக் ஆட்டக்காரரின் சொத்து அந்த ‘பி’ சந்துதான்.

உள்ளே நிற்பதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வசதி, குவார்ட்டர்பேக்குக்குப் போகும் மிகக் குறுகிய வழி அதுதான். தொல்லை, இரண்டு பக்கமும் ஆள் இருப்பதால் எந்த நேரமும் இருவர் சேர்ந்து தடுக்கலாம். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி எறிவதற்கு எடுப்பது பொதுவாக இரண்டரை முதல் மூன்று விநாடி. ஓரத்திலிருந்து அழுத்தம் வந்தால் அவர் ஒரு படி முன்னே ஏறி நின்று எறிந்துவிடுவார். முன்பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தால் ஏறி நிற்க இடமே இல்லை, காலை ஊன்ற முடியாது, பந்து தரையில் விழும் அல்லது எதிரணியின் கையில் போய் உட்காரும். ஸேக் கணக்கில் இது ஏறாது. ஆனால் பயிற்சியாளர்கள் மறுநாள் படம் போட்டுப் பார்க்கும்போது தேடுவது இதைத்தான். அதனால்தான் 2018 பருவத்தில் டொனால்ட் எடுத்த 20.5 ஸேக் அவ்வளவு பெரிய செய்தி. உள்ளே நின்று ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர், அதாவது டிஃபென்சிவ் டேக்கிள் (மேலே சொன்ன டேக்கிள் வேறு) ஒருவர் ஒரு பருவத்தில் எடுத்த அதிகாரபூர்வ உச்சம் அதுவரை 1989இல் கீத் மில்லார்ட் எடுத்த 18. ஸேக்கைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982இல்தான் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். (அந்த அரை எண் ஏன் என்று கேட்டால், இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி.)

டொனால்ட் பிறந்தது 1991இல், பிட்ஸ்பர்க்கில். பென் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளி, பிறகு உள்ளூரிலேயே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். சிறு வயதில் அப்பா விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி, பள்ளிக்குப் போகுமுன் வீட்டின் கீழ்த்தளத்தில் எடைப் பயிற்சி செய்ய வைத்தார் என்பது அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2013இல், கல்லூரியின் கடைசிப் பருவத்தில், 11 ஸேக், பந்து கிளம்பிய கோட்டுக்குப் பின்னாலேயே எதிராளியை மடக்கிய தடுப்புகள் 28.5. நகுர்ஸ்கி, பெட்நாரிக், அவுட்லாண்ட், லொம்பார்டி என்ற நான்கு கல்லூரி ஆட்ட விருதுகளும் அந்த ஓராண்டில் வந்தன.

இவ்வளவு இருந்தும் 2014 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) அவர் போனது 13ஆவது இடத்தில். காரணம் உயரம். ஆறடி ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 185 சென்டிமீட்டர், எடை 285 பவுண்டு, அதாவது 129 கிலோ. ஊருக்குள் இது பெரிய உடம்புதான். ஆனால் அவருக்கு எதிரே நிற்கும் கார்டுகள் சாதாரணமாக 140 கிலோவைத் தாண்டுவார்கள். சென்டருக்கு நேர் எதிரே நிற்கும் நோஸ் டேக்கிள் என்றால் 150 கிலோவும் உண்டு. கை நீளம் குறைந்தவனை எதிராளி எட்டத்திலேயே பிடித்து நிறுத்திவிடுவான் என்பது தேர்வாளர்களின் பயம். அது வீண் பயமும் இல்லை, அப்படி நின்றுபோனவர்கள் நிறைய. டொனால்ட் விஷயத்தில் அந்தப் பயத்துக்குப் பதில் வேகமாக வந்தது. ஜனவரியில், கல்லூரி முடிப்பவர்களுக்கான சீனியர் பவுல் ஆட்டத்தின் பயிற்சியில் ஒருவருக்கு ஒருவர் மோதும் சுற்றுகளில் எதிரே வந்தவர்களைத் தாண்டிக்கொண்டே இருந்தார். பிப்ரவரியில் தேர்வு முகாமில் 40 யார்டை 4.68 விநாடியில் ஓடினார், 102 கிலோ பளுவை 35 முறை தூக்கினார். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அதே டிராஃப்டில் 2ஆவது இடத்தில் எடுத்தது கிரெக் ராபின்சன் என்ற தடுப்பு டேக்கிளை. பின்னோக்கிப் பார்த்தால் அவர்கள் அதிர்ஷ்டம் 13இல்தான் இருந்தது.

இனி கைவேலைக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் டொனால்ட்டைப் பார்த்தால் வெறும் முரட்டு பலம் என்றுதான் தோன்றும்.

நிற்கும் நிலை மூன்று புள்ளி: இரண்டு பாதம், ஒரு கை. பின் காலின் கட்டைவிரல் முன் காலின் நடுப்பாதத்துக்கு நேராக இருக்கும். பாரம் தரையிலுள்ள கையின் மேல். கண் பந்தின் மேல். குவார்ட்டர்பேக்கின் குரலுக்குக் காது கொடுத்தால் கதை முடிந்தது. அவர் குரலை ஏற்றி இறக்கி ஏமாற்றுவார், கோட்டைத் தாண்டினால் ஆஃப்சைட், 5 யார்டு அபராதம். பந்து அசைந்தவுடன் வைக்கும் முதல் அடி சின்னதாக, தரையை ஒட்டி இருக்க வேண்டும். நீளமாக எடுத்து வைத்தால் மோதும் நேரத்தில் ஒரு கால் காற்றில் இருக்கும், 140 கிலோ மனிதர் அப்போது தள்ளினால் நிற்க வழியில்லை. இரண்டாம் அடி தரையில் பதியும்போது கைகள் எதிராளியின் மார்பில் இருக்க வேண்டும். கட்டைவிரல்கள் மேல்நோக்கி, முழங்கைகள் விலாவை ஒட்டி. முழங்கை வெளியே விரிந்தால் எதிராளியின் கைகள் உள்ளே வந்துவிடும், கை உள்ளே இருப்பவனுக்குத்தான் கட்டுப்பாடு. உயரம் குறைந்தது இந்த இடத்தில் டொனால்ட்டுக்கு உதவியது. மோதலில் தாழ்ந்த தோளுக்கே வெற்றி. உயரமானவர் குனிந்து வர வேண்டிய இடத்துக்கு அவர் நின்றபடியே வந்துவிடுவார்.

அடுத்தது பாதி ஆளைத் தாக்குவது. எதிராளியின் மார்புக்கு நேராக ஓடினால் அவருடைய முழு எடையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ஒரு தோளை மட்டும் குறிவைத்தால் அவருடைய ஒரு கை கணக்கிலேயே இல்லாமல் போகும். டொனால்ட் அதிகம் பயன்படுத்திய வித்தைகளில் ஒன்று ‘கிராஸ் சாப்’. வெளிப்பக்கமாக வேகமாக ஓர் அடி. கார்ட் அந்தப் பக்கம் கையை நீட்டுவார். நீட்டிய கையின் மணிக்கட்டை, தன் உட்பக்கக் கையைக் குறுக்கே கொண்டுவந்து வெட்டுவார். கை கீழே போன அதே நொடியில் டொனால்ட்டின் கை கார்டின் அக்குளுக்கு அடியில் நுழைந்து மேலே கிழித்துக்கொண்டு போகும், இடுப்பு குவார்ட்டர்பேக் பக்கம் திரும்பிவிடும். கையை வெட்டிவிட்டு இடுப்பைத் திருப்பாமல் விட்டால் வெட்டியது வீண். கார்ட் மறுபடி பக்கவாட்டில் வந்து தள்ளி, வட்டமடிக்க வைத்துவிடுவார். புதிதாக வருகிறவர்கள் தவறுவது கையில் இல்லை, இந்த இடுப்பில்தான்.

இன்னொன்று ‘ஸ்விம்’. ஒரு கையால் எதிராளியின் தோளை அறைந்து தள்ளி, மறுகையை நீச்சலடிப்பதுபோல் அவர் தலைக்கு மேலாக வீசித் தாண்டுவது. கையைத் தூக்கும்போது விலா முழுவதும் திறந்துகிடக்கும், அதனால் இதை உயரமானவர்களின் வித்தை என்பார்கள். ஆறடிக்காரர் இதைத் தொடர்ந்து செய்து தப்பியதற்குக் காரணம் வேகம். கார்டின் கை விலாவுக்கு வந்து சேரும்போது விலா அங்கே இருக்காது.

இதெல்லாம் எதிரே ஒருவர் இருக்கும்போது. டொனால்ட்டுக்கு எதிரே பெரும்பாலும் இருவர். கார்ட் முன்னால் நிறுத்த, டேக்கிளோ சென்டரோ பக்கத்திலிருந்து வந்து இடிப்பார். ஓட்ட ஆட்டத்தில் இந்த இரட்டைத் தடுப்பு வந்தால் செய்ய வேண்டியது: பக்கத்திலிருந்து அழுத்தம் உணர்ந்த உடனே அந்தப் பக்க இடுப்பைக் கீழே இறக்கி இடிப்பவருக்குள் திணிப்பது, இருவர் தோள்களும் ஒட்டாதபடி நடுவில் தோளைச் செருகுவது, முடியவே இல்லையென்றால் முழங்காலைத் தரையில் ஊன்றி அங்கேயே குவியலாக விழுவது. விழுந்தாலும் பரவாயில்லை, பின்னால் போகக் கூடாது. இருவரையும் தன்னோடு கட்டிப்போட்டுவிட்டால், பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்க ஆள் இல்லை, அவர் நிம்மதியாக வந்து ஓடுகிறவரை மடக்குவார். மடக்கிய கணக்கு லைன்பேக்கர் பெயரில் ஏறும். தவறு நடக்கும் இடம், பந்து எங்கே என்று பார்க்கத் தலையைத் தூக்குவது. தலை தூக்கினால் தோள் தூக்கும், மூன்று யார்டு பின்னால் போய் நிற்பார்கள், தன் லைன்பேக்கரின் காலிலேயே போய் விழுவார்கள்.

ஆட்டம் எறிதலா ஓட்டமா என்பது கிளம்பும்போது தெரியாது. தன் சந்தில் காவல் நிற்காமல் குவார்ட்டர்பேக்கை நோக்கியே பாய்ந்தால், விட்டுப்போன சந்து வழியாக ஓடிவிடுவார்கள். வேகமாக உள்ளே வருகிறவரை வரவிட்டு, அவர் தலைக்கு மேலாகக் குட்டையாகப் பந்தைக் கொடுக்கும் ‘ஸ்க்ரீன்’ ஆட்டமும் இந்த ஆவலைத் தண்டிக்கத்தான். குவார்ட்டர்பேக்கை எட்டிய பிறகும் அபாயம் தீராது. முகக்கம்பியைப் பிடித்தால் 15 யார்டு. 2018 முதல் முழு உடல் எடையோடு அவர் மேல் விழுவதையும் கண்டிப்பாகத் தண்டிக்கிறார்கள், அதுவும் 15 யார்டு. இவ்வளவு கனமான மனிதர் முழு வேகத்தில் வந்து, விழும்போது உடம்பைப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும் என்பது சொல்ல எளிது.

இந்த வேலையின் முழு மதிப்பும் இரண்டு ஆட்டங்களில் தெரியும். 2019 பிப்ரவரியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை அடைத்தே வைத்தது. ஒரு ஸேக்கும் இல்லை, ராம்ஸ் 13-3 என்று தோற்றது. 20.5 எடுத்த அதே பருவம். மூன்று ஆண்டு கழித்து மறுபடி சூப்பர் பவுல், 2022 பிப்ரவரி 13, சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிராக. ராம்ஸ் 23-20 என்று முன்னே, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் பாக்கி, பந்தைத் தக்கவைத்துக்கொள்ள பெங்கால்ஸுக்கு வேண்டியது ஒரே ஒரு யார்டு. மூன்றாம் முயற்சியில் சமாஜே பெரைனிடம் பந்தைக் கொடுத்தார்கள். டொனால்ட் அவரைப் பிடித்து, அந்த யார்டைத் தொடவிடாமல் இழுத்து நிறுத்தினார். நான்காவதும் கடைசியுமான முயற்சியில் எறிய வந்தார் பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. தூரத்தில் அவர் அணியின் ஜமார் சேஸ் தன்னைக் காத்தவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார், இன்னும் அரை விநாடி கிடைத்திருந்தால் அவருக்கு எறிந்திருக்கலாம். அதற்குள் டொனால்ட் இடப்பக்க கார்டைக் கடந்து வந்து பர்ரோவின் உடம்பைச் சுற்றிப் பிடித்துச் சுழற்றிவிட்டார். பந்து யாரிடமும் போகாமல் தரையில் விழுந்தது, கோப்பை ராம்ஸுக்கு. எழுந்தவர் தன் மோதிர விரலைச் சுட்டிக் காட்டினார். அந்த ஆட்டத்தில் அவருக்கு இரண்டு ஸேக் உண்டு. ஆட்டத்தை முடித்த இந்த இரண்டு முயற்சிகளிலும் ஸேக் இல்லை. எண்ணிக்கையை வைத்து மட்டும் லைன்மேனை அளக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அன்று டொனால்ட்டுக்கு வழி கிடைத்ததற்கு ஓரத்தில் நின்றவர்களும் காரணம். 2021 நவம்பரில் ராம்ஸ் வான் மில்லரைக் கொண்டுவந்தது. மறுபக்கம் லெனர்ட் ஃப்ளாய்ட். எல்லோருக்கும் இருவர் வைக்க ஆள் போதாது.

பணம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு, ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணிக்கு. டொனால்ட்டுக்கு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1 கோடி டாலர். முதல் ஆண்டே சிறந்த புதுமுகத் தற்காப்பாளர் விருது, அதன் பிறகு ஆடிய எல்லா ஆண்டும் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுல் தேர்வு. சம்பளம் மட்டும் அப்படியே. 2017இல் பயிற்சி முகாமுக்கு வர மறுத்து, பருவத்தின் முதல் ஆட்டத்தையும் விட்டார். அப்படியும் 11 ஸேக்கோடு அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். 2018இல் மறுபடி வரவில்லை. ஆகஸ்ட் கடைசி நாளில் ஆறு ஆண்டுக்கு 13.5 கோடி டாலர், அதில் 8.7 கோடி உறுதிப்பணம் என்று முடிவானது. தற்காப்பு ஆட்டக்காரர்களில் அன்றைக்கு அதுதான் உச்சம். மறுநாளே கலீல் மேக் 14.1 கோடிக்குக் கையெழுத்திட்டார்.

இந்த லீக்கில் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைப் பார்க்கக் கூடாது, உறுதிப்பணத்தைப் பார்க்க வேண்டும். மீதியை அணி எந்த ஆண்டும் வெட்டிவிடலாம், காயம் பட்டு வேகம் குறைந்தால் வெட்டியும் விடும். அதனால் லைன்மேன் பேரம் பேசச் சரியான நேரம் உடம்பு உச்சத்தில் இருக்கும் 26, 27 வயது. டொனால்ட் பிடிவாதம் பிடித்தது சரியான வயதில். இன்று அதே வழியில் போவது கடினம். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2020 கூட்டு ஒப்பந்தத்துக்குப் பின் முதல் ஒப்பந்தம் முடிந்து மறு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு முகாமுக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் 50,000 டாலர் அபராதம், அதை அணி நினைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது. ஆகவே இப்போது முகாமுக்கு வந்து, பயிற்சியில் மட்டும் இறங்காமல் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

எல்லாருடைய வாழ்க்கையும் இப்படி அமையாது. ஓர் அணியில் 53 பேருக்கு இடம், பயிற்சிப் பட்டியலில் 16 பேர். ஏழு சுற்று டிராஃப்டில் பெயர் வராதவர் முகாமில் இடம் பிடித்து, சில வாரம் ஆடி, வெட்டப்பட்டு, வேறு ஊருக்குப் போய் அதையே மறுபடி செய்வார். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற மூன்று பருவம் கணக்கில் ஏற வேண்டும், பலர் அதற்கு முன்பே வெளியேறுகிறார்கள். ஆனால் அந்த வழியிலும் மேலே வந்தவர் உண்டு. ஜான் ரேண்டில் 1990இல் யாராலும் எடுக்கப்படாதவர். அவரும் டிஃபென்சிவ் டேக்கிள், அவரையும் சிறிய உடம்பு என்றுதான் ஒதுக்கினார்கள். 137.5 ஸேக் எடுத்து 2010இல் புகழ்மன்றத்தில் நுழைந்தார்.

வாரத்தின் ஒழுங்கு ஞாயிறு ஆட்டத்தைச் சுற்றி அமையும். திங்களன்று படம் பார்த்தலும் சிகிச்சையும், செவ்வாய் ஓய்வு, புதன் முதல் வெள்ளி வரை பயிற்சி, சனியன்று ஆட்டத் திட்டங்களை ஓடாமல் நடந்து பார்ப்பது மட்டும். உள்வரிசைக்காரர்களை பெரும்பாலான அணிகள் சுழற்சியில்தான் இறக்கும், ஏனென்றால் இருவரைத் தள்ளிய கால்கள் நான்காவது காலிறுதியில் முதல் அடியை எடுக்காது. டொனால்ட் பல பருவங்களில் தன் அணி தற்காத்த முயற்சிகளில் 80 சதவீதத்துக்கு மேல் களத்தில் இருந்தார். என்னைப் பொறுத்தவரை விருதுகளைவிட வியப்பானது அதுதான். உடம்பு அதற்கு விலை கேட்கும். விரல்கள் எதிராளியின் சட்டையில் மாட்டி மடங்கும், தோள் ஒவ்வொரு மோதலிலும் இடி வாங்கும், குவியலில் கணுக்காலின் மேல் யாராவது விழுவார்கள். 2022 நவம்பரில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக டொனால்ட்டுக்கு நடந்தது அந்தக் கடைசி வகை. கணுக்காலின் மேல்பகுதித் தசைநார்ச் சுளுக்கு, பருவத்தின் கடைசி ஆறு ஆட்டங்கள் போயின. முதல் அடியில் உந்துவது கணுக்கால் என்பதால், சாதாரணச் சுளுக்கைவிட இது லைன்மேனை நீண்ட நாள் வாட்டும். அந்தப் பருவம் 5 ஸேக், அடுத்ததில் 8. ஆனாலும் 2023இலும் முதல் அணி ஆல்-புரோ (அந்தப் பருவத்தின் தலைசிறந்தவர்கள்) தேர்வு, அது எட்டாவது முறை.

2024 மார்ச் 15 அன்று ஓய்வு அறிவித்தார். வயது 32. பத்துப் பருவம், 154 ஆட்டம், மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பாளர். 2022இல் திருத்திய ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டுச் சம்பளம் பாக்கி இருந்தது, அதை விட்டுவிட்டுத்தான் போனார். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழித்துத்தான் புகழ்மன்றத்துக்குத் தகுதி என்பதால் அவர் பெயர் வாக்கெடுப்புக்கு வருவது 2029இல்.

ராம்ஸ் அவர் இடத்தை ஒருவரால் நிரப்பப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே நடந்த டிராஃப்டில் 19ஆவது இடத்தில் ஓரத்துக்கு ஜாரெட் வெர்ஸ், 39ஆவது இடத்தில் உள்ளுக்கு பிரேடன் ஃபிஸ்க் என ஒரே கல்லூரியான ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து இருவரை எடுத்தது. ஃபிஸ்க்குக்காக மேலே ஏறி வர, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பருவம் ஃபிஸ்க் எடுத்தது 8.5 ஸேக், வெர்ஸ் எடுத்தது 4.5. சிறந்த புதுமுகத் தற்காப்பாளர் விருதை வாக்காளர்கள் கொடுத்தது வெர்ஸுக்கு.